சீருடை தெருவுக்கு வரலாமா?

1906-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள். ஜெர்மனியின் தலைநகராம் பெர்லினில் ஒரு தெரு. கேப்டன் ஒருவர் வருகிறார். காவற்பணி முடித்துத் திரும்பும் சிப்பாய்கள் எதிர்ப்படுகின்றனர். நிற்கச் சொல்கிறார், நிற்கின்றனர். பின்னே வரச் சொல்கிறார், வருகின்றனர். வழியில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறார். ஏறத்தாழப் பத்துப் பேர் கொண்ட அந்தச் சிறு படை, ரயிலேறிக் கோபெனிக் என்னும் நகரை அடைகிறது. நேரே நகர மன்றம்! வாயில்களிலே காவல்! நகரத் தலைவர் கைது! கருவூலத்தைக் காப்பவர் கைது! பெட்டியிலிருந்த பணம், மூவாயிரம் மார்க்குக்கும் மேல், எண்ணி எடுக்கப்படுகிறது. முறைப்படி ரசீதும் தரப்படுகிறது. கைதானவர்கள் காவலுடன் பெர்லினுக்கு அனுப்பப்படுகின்றனர். கேப்டன் பணத்துடன் போய்விடுகிறார்.

அவர் கேப்டன் அல்லர்.

வில்ஹெல்ம் ஃபோக்ட் என்பது அவர் பெயர். செருப்புத் தைப்பது தொழில். வயது 57. வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலே கழித்தவர். விடுதலையாகி வந்து பிழைக்க வழி தேடியவரை, ‘இங்கே தங்கக் கூடாது’ என்று பெர்லின் போலீசு அதே ஆண்டிலேதான் விரட்டியிருந்தது. பழந்துணிக் கடைகளிலே துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த உடுப்பு ஒன்றுதான் அவரைக் கேப்டனாக்கிற்று. அதே மனிதர், அதே முகம், அதே குரல். தொழிலாளியின் உடையிலே நின்றபோது, ஊரிலே ஒதுங்க இடமில்லை. கேப்டனின் உடையிலே வந்தபோது, ஊரின் கருவூலமே திறந்தது!

உலகம் சிரித்தது. பத்து நாட்களில் அவர் பிடிபட்டார். நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1908-இல் கெய்சர் மன்னரின் மன்னிப்பால் வெளியே வந்தார். இன்று அந்த நகர மன்றத்தின் வாயிலிலே அவருக்குச் சிலை நிற்கிறது. சிரிப்பு அடங்கிய பின்பாவது சிந்தனை தொடங்க வேண்டாமா? கைதான நகரத் தலைவர் கல்லாதவர் அல்லர். நகர மன்றத்திலே இருந்தவர்கள் சட்டம் இன்னதென்று அறியாதவர்கள் அல்லர். எனினும், உடையைக் கண்டதும் அறிவு ஓய்வெடுத்துக்கொண்டது. உடுப்பு பேசிற்று, சட்டம் வாய் மூடிற்று.

ஏழே ஆண்டுகள் சென்றன. 1913. சாபெர்ன் என்னும் சிற்றூர். இன்று பிரான்சு நாட்டிலே இருப்பது, அன்று ஜெர்மன் ஆட்சியிலே இருந்தது. அங்கிருந்த படைப்பிரிவிலே ஃபார்ஸ்ட்னர் என்றொரு லெப்டினன்ட், வயது இருபது. அந்த வட்டார மக்களை இழிசொல்லால் ஏசினார். ஊர் கொதித்தது. ஏசிய அதிகாரியைக் கண்டித்து ஒதுக்க வேண்டிய படை, ஊரைத் தண்டிக்கப் புறப்பட்டது. நவம்பர் 28-இல் சிப்பாய்கள் தெருவிலே இறங்கி, அகப்பட்டவர்களைப் பிடித்துப் பாசறையின் நிலக்கரி அறையிலே அடைத்தனர். அகப்பட்டவர்களிலே நீதிமன்றத்தைச் சார்ந்தோரும் இருந்தனர். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 2-இல், அந்த லெப்டினன்ட் பக்கத்துச் சிற்றூரிலே ஒரு மனிதரின் தலையிலே வாளால் வெட்டினார். வெட்டுண்டவர் யார்? கால் ஊனமுற்ற ஒரு செருப்புத் தொழிலாளி!

படை மன்றம் லெப்டினன்டுக்கு விதித்த தண்டனை 43 நாள் சிறை. மேல்முறையீட்டிலே அதுவும் போயிற்று. தற்காப்புக்காக வெட்டினாராம், விடுதலை! நாடாளுமன்றம் பொங்கி எழுந்தது. அரசின் போக்கைக் கண்டித்து 293 பேர் வாக்களித்தனர். ஆதரித்தோர் 54 பேர்தாம். எனினும், தலைமை அமைச்சர் பதவி விலகவில்லை. அந்நாளைய அமைப்பிலே அவர் மன்னருக்குத்தான் கடமைப்பட்டவர். மக்களின் மன்றத்துக்கு அல்லர்.

இரண்டு நிகழ்ச்சிகள், இரண்டிலும் ஒரு செருப்புத் தொழிலாளி. முன்னவர் உடுப்பை அணிந்தார்; அதிகாரம் அவரிடம் அடங்கிற்று. பின்னவர் உடுப்பின் எதிரே நின்றார். அவர் தலை பிளந்தது. ஏமாற்றியதும் உடுப்பு, வெட்டியதும் உடுப்பு, வெட்டிய பின்னர்த் தப்பியதும் உடுப்பு. உடையைப் பற்றிய பேச்சு சின்னஞ்சிறு பேச்சு என்று கருதுவோர் இவ்விரண்டையும் நெஞ்சிலே இருத்திக்கொண்டு, இனி நாம் எழுப்பும் வினாவைக் கேட்க வேண்டுகிறோம்.

படைவீரர்கள், பாசறைக்கு வெளியே, கடைவீதியிலும் ரயிலிலும் மக்கள் கூடும் இடங்களிலும், சீருடையுடன் வரலாமா?

* * *

இந்த வினாவுக்கு மூவகை விடைகள் தரப்படுகின்றன. ‘வரக் கூடாது, ஆபத்து’ என்பது ஒன்று. ‘வரக் கூடாது, போர் வெறி பரவும்’ என்பது மற்றொன்று. ‘வர வேண்டும்; கண்டவர் எழுந்து நின்று வணங்கவும் வேண்டும்’ என்பது மூன்றாவது. மூன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

ஆபத்து என்பது கற்பனை அன்று. இங்கிலாந்திலே, 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், படைவீரர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் ஏற்றிச் சென்ற பேருந்திலே வெடிகுண்டு வெடித்தது. பன்னிருவர் மாண்டனர், இரு குழந்தைகளும் அவர்களிலே அடக்கம். அயர்லாந்துப் போராட்டத்தின் பேரால் குண்டுகள் வெடித்த அந்த ஆண்டுகளிலே, பிரிட்டிஷ் படைவீரர்கள் பாசறை வாயிலைத் தாண்டும்போது சீருடையைக் களைந்துவிட்டுத்தான் சென்றனர். உயிர் காக்கும் முன்யோசனை அது. குறை சொல்ல மாட்டோம்.

ஆனால், உடையை மறைத்தால் உயிர் தப்பும் என்று உறுதி கூற முடியுமா? 2013-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள், இலண்டனில் வுலிச் பாசறையின் அருகே, பட்டப்பகலிலே ஒரு சிப்பாய் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவர் சீருடையிலே இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், போர் நினைவுச் சின்னத்தின் முன்னே சீருடையுடன் நின்ற வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் உடை இன்றி மாண்டார். ஒருவர் உடையோடு மாண்டார். கொலைகாரனின் வெறிக்கு உடை ஓர் அடையாளம், அவ்வளவே. எந்த ஊரிலே, எந்த வாரத்திலே ஆபத்து மிகுதி என்று கணித்து, ‘இன்று உடையை மாற்றிக்கொண்டு போ’ என்று சொல்வது படைத்தலைவரின் பொறுப்பு. அது நாளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் ஏற்பாடு. அறம் எது என்ற வினாவுக்கு அது விடை ஆகாது.

பிரிட்டனிலே இன்னொரு வகைத் தொல்லையும் நேர்ந்தது. 2008-ஆம் ஆண்டு, பீட்டர்பரோ நகரிலே, விமானப் படையினர் சீருடையுடன் செல்ல வேண்டாம் என்று அவர்தம் மேலதிகாரிகள் பணித்தனர். காரணம் குண்டு அன்று, ஏச்சு. உடையைக் கண்டவர்களிலே சிலர் இழித்துப் பேசினராம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஈராக் போரை எதிர்ப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. எதிர்த்தவர்களின் அறச்சினத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். போர் தொடுக்கும் முடிவை எடுத்தவர் யார்? கடைவீதியிலே ரொட்டி வாங்க நின்ற இளைஞரா? அமைச்சரவை கூடிற்று, நாடாளுமன்றம் வாக்களித்தது, முடிவு பிறந்தது. முடிவெடுத்தவர் காவலர் சூழக் காரிலே செல்கிறார். ஏச்சு வாங்குபவர் கால்நடையாகத் தெருவிலே செல்கிறார்! எட்டாத உயரத்திலே இருப்பவனைத் தொட முடியாத சினத்தை, எட்டும் தூரத்திலே நிற்கும் எளியவன் மீது கொட்டுவது வீரம் ஆகுமா? ஆகாது. போர் வேண்டாம் என்போர் செல்ல வேண்டிய இடம் வாக்குச்சாவடி. பேச வேண்டிய இடம் பொதுமேடை. எழுத வேண்டிய இடம் ஏடு. உடையைக் கண்டு உமிழ்வது, உடையைக் கண்டு வணங்குவதன் மறுபக்கமே. இரண்டிலும் மனிதன் மறைந்துவிடுகிறான். துணி மட்டும் நிற்கிறது.

* * *

இனி, இரண்டாம் விடைக்கு வருவோம். ‘சீருடை தெருவிலே நடமாடினால், காணும் சிறுவர் உள்ளத்திலே போர் இனிக்கும், மிடுக்கான நடையும் மின்னும் பொத்தான்களும் சாவின் கோரத்தை மறைத்துவிடும்’ என்கின்றனர் அமைதி விரும்பும் நண்பர்கள். இவர்கள் கூறுவதிலே உண்மை இருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல், ஐரோப்பிய நகரங்களிலே இளைஞர்கள் பாட்டும் பூவுமாகப் போர்க்களம் சென்றதை வரலாறு மறக்கவில்லை. பூவைச் சூடியவர்களிலே எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்பதையும் மறக்கவில்லை.

எனினும், இவர்கள் காட்டும் மருந்து நோயைத் தீர்க்குமா என்று ஐயுறுகிறோம். உடை மறைந்தால் படை மறைந்துவிடுமா? படை இருக்கும், அதற்குப் பணம் போகும், அதிலே ஆட்கள் சேர்வார்கள், அயல்நாட்டுக்கு அனுப்பப்படுவார்கள், சிலர் பெட்டியிலே திரும்புவார்கள். இவை அனைத்தும் நடக்கும், ஊர் கண்ணிலே படாமல்! கண்ணிலே படாதது கருத்திலும் படாது. கருத்திலே படாத ஒன்றைக் குறித்து எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஜெர்மனியையே மீண்டும் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் வரை, அங்கே கட்டாயப் படைச்சேவை இருந்தது. விடுமுறைக்கு வீடு திரும்பும் மகனோ, அண்டை வீட்டுப் பிள்ளையோ படையின் முகத்தை மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தனர். கட்டாயச் சேவை நிறுத்தப்பட்டது, படை சிறுத்தது, பாசறைகள் பல மூடப்பட்டன, ரயில் நிலையங்களிலே சீருடை அரிய காட்சி ஆயிற்று. ஆனால் போர் அரிதாயிற்றா? 2001 முதல் 2021 வரை நீண்ட ஆப்கானிஸ்தான் பணியிலே 59 ஜெர்மன் வீரர்கள் உயிரிழந்தனர். தன் பெயரால் யார் சாகிறார்கள் என்பதைக் காணாத மக்கள், எதற்காகச் சாகிறார்கள் என்று எப்படிக் கேட்பார்கள்?

போரை வெறுப்பவன்தான் சிப்பாயை முதலிலே காண வேண்டும். எதிர் இருக்கையிலே, மீசை அரும்பிய முகத்துடன், உறக்கம் கலையாத கண்களுடன், மடியிலே மூட்டையுடன் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். ‘இவரையா அனுப்பப்போகிறோம்? எதற்காக?’ என்ற எண்ணம் எழட்டும். நூறு அமைதிச் சொற்பொழிவுகள் எழுப்பாத அந்த எண்ணத்தை, எதிரே அமர்ந்த ஒரு மனிதர் எழுப்பிவிடுவார்.

* * *

மூன்றாம் விடைதான் நம்மை மிகுதியாக எண்ண வைக்கிறது. ‘சீருடை வர வேண்டும், வந்தால் வணங்க வேண்டும்’ என்பது அது.

2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, ஜெர்மன் படைவீரர்கள் சீருடை அணிந்து வந்தால் ரயிலிலே கட்டணமின்றிச் செல்லலாம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. சொந்த வேலையாகச் செல்வதற்கும் இது பொருந்தும். ஆனால் சீருடை கட்டாயம். படை மக்கள் கண்ணிலே பட வேண்டும் என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நாம் மேலே ஒப்பினோம். வீட்டை விட்டு நெடுந்தொலைவிலே பணிபுரிபவருக்குப் பயணச் செலவைக் குறைப்பதும் நல்லதே. ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. இரவெல்லாம் நோயாளியின் தலைமாட்டிலே விழித்திருந்து, விடியலிலே அதே ரயிலிலே ஏறும் செவிலியரும் சீருடைதானே அணிகிறார்? அவர் ஏன் சீட்டு வாங்க வேண்டும்?

‘படைவீரன் உயிரைப் பணயம் வைக்கிறான்’ என்று விடை வரும். உண்மை. மறுக்கவில்லை, மதிக்கிறோம். ஆனால், உயிரைப் பணயம் வைப்பவன் அவன் ஒருவன்தானா? நம் நாட்டிலே சாக்கடைக் குழியிலே இறங்கி, நச்சுக் காற்றிலே மூச்சடைத்து மாளும் தொழிலாளியைப் பற்றி ஏடுகளிலே எத்தனை முறை படிக்கிறோம்! மனிதரைக் குழியிலே இறக்குவதைத் தடுக்க 2013-இலே சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் அந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. குழியிலே இறங்குவோர் பலருக்குப் பாதுகாப்பு உடைகூட இல்லை. அவர் தெருவிலே வந்தால் யார் எழுந்து நிற்கிறார்கள்? விலகி நிற்கிறார்கள்! ஊருக்காகச் சாகும் இருவரிலே, ஒருவருக்கு வணக்கம், மற்றவருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் மரியாதை என்றால், நாம் மதிப்பது தியாகத்தை அன்று, உடையை, உடைக்குப் பின்னே நிற்கும் பதவியின் உயரத்தை. பிறப்பைக் கண்டு உயர்வு தாழ்வு கற்பித்த சமுதாயத்துக்கு, உடையைக் கண்டு உயர்வு தாழ்வு கற்பிப்பது எளிதிலே கைவந்துவிடும். அதனால்தான் அஞ்சுகிறோம்.

பள்ளியிலே பாடம் சொல்லும் நமக்குச் சீருடையின் மாண்பு தெரியாததன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலே பிள்ளைகளுக்கு விலையின்றிச் சீருடை தரப்படுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத்திலே ஒரே வரிசையிலே அமர்கின்றனர். யார் எந்த வீடு என்று உடையைக் கொண்டு சொல்ல முடியாது. எத்துணை அழகிய ஏற்பாடு! படையிலும் அப்படியே. ஏழையும் செல்வரும், பல மொழியினரும், பல மதத்தினரும் ஒரே உடுப்பிலே நிற்கின்றனர்.

ஆனால் ஒன்றை நோக்குங்கள். எல்லாரும் அணியும்போது சமத்துவம் தரும் அதே சீருடை, அணியாதவர் நடுவே ஒருவர் மட்டும் அணிந்து வரும்போது வேற்றுமையைத் தருகிறது. வகுப்பறைக்குள்ளே சமன் செய்தது, தெருவிலே பிரித்துக் காட்டுகிறது. குற்றம் துணியிலே இல்லை. அது எங்கே அணியப்படுகிறது, யார் நடுவே அணியப்படுகிறது, அணிந்தவருக்கு அது என்ன உரிமையைத் தருவதாக ஊர் நம்புகிறது என்பவற்றிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மதிப்பு வேறு, புனிதம் வேறு. மதிப்புக்குரியதைக் குறித்துக் கேள்வி கேட்கலாம். புனிதமானதைக் குறித்துக் கேட்கக் கூடாது என்பார்கள். இந்த வேற்றுமையை அமெரிக்க நாட்டின் வழக்கு ஒன்று தெளிவாக்குகிறது. 1967-ஆம் ஆண்டு டிசம்பரில், ஹூஸ்டன் நகரிலே, படைக்கு ஆள் சேர்க்கும் நிலையத்தின் எதிரே, வியட்நாம் போரைக் கண்டித்து ஒரு தெரு நாடகம் நடத்தப்பட்டது. அதிலே டேனியல் ஷாக்ட் என்பவர் படைச் சீருடை அணிந்து நடித்தார். உரிமையின்றிச் சீருடை அணிந்த குற்றத்துக்காக ஆறு மாதச் சிறையும் 250 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. நாடகத்திலே நடிப்பவர் சீருடை அணியலாம் என்று அந்நாட்டுச் சட்டம் கூறிற்று; ஆனால், படைக்கு இழிவு தராத வகையிலே நடித்தால்தான் என்று ஒரு வாலும் அதற்கு இருந்தது. புகழ்ந்து நடித்தால் கலைஞன். இகழ்ந்து நடித்தால் கைதி! 1970-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்த வாலை வெட்டி எறிந்தது, தண்டனையும் நீங்கிற்று. உடையை மதிக்கிறவர்கள், உடையின் பேரால் நடப்பதைக் கேலி செய்யும் உரிமையையும் மதித்தாக வேண்டும் என்பதே அத்தீர்ப்பு நமக்குத் தரும் பாடம். மேடையின் வலிமையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

* * *

அப்படியானால் நம் விடை என்ன? வரட்டும் என்கிறோம். ஆனால், எப்படி வர வேண்டும் என்றும் சொல்கிறோம்.

அந்த ‘எப்படி’யை, உடையால் மிகுதியாகக் கெட்ட அதே ஜெர்மனிதான் வகுத்துக் காட்டியது. முதல் உலகப் போருக்குப் பின், அங்கே அரசியல் கட்சியே சீருடை தைத்துக்கொண்டது. இட்லரின் பழுப்புச் சட்டைக்காரர் தெருக்களைப் போர்க்களமாக்கினர். 1932 ஏப்ரலில் அப்படையை அரசு தடை செய்தது. ஜூன் திங்களிலே அடுத்து வந்த அரசு தடையை நீக்கிற்று. 1933 ஜனவரி 30-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். 1934 ஆகஸ்டில் படைவீரர் அனைவரும், நாட்டின் பேரால் அன்று, இட்லர் என்ற தனி மனிதரின் பேரால் உறுதிமொழி எடுத்தனர். பின்னர் நடந்ததை உலகம் அறியும்.

1945-இல் அந்தப் படை அழிந்தது. பத்தாண்டு கழித்து, 1955 நவம்பர் 12-ஆம் நாள், மேற்கு ஜெர்மனியிலே புதிய படையின் முதல் 101 பேர் பணி ஆணை பெற்றனர். மக்களிலே பலர் அதை விரும்பவில்லை. ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்பதே அந்நாளிலே இளைஞரிடையே முழக்கமாக இருந்தது. சீருடை என்றாலே கசந்தது. அந்தக் கசப்பின் நடுவேதான் பௌடிசின் முதலான சீர்திருத்தக்காரர்கள் புதியதொரு கொள்கையை வகுத்தனர். ‘சீருடை அணிந்த குடிமகன்’ என்பது அதன் பெயர். முதலிலே குடிமகன்; பிறகுதான் சீருடை. படையிலே சேர்ந்ததனால் அவன் உரிமையும் போகாது, பொறுப்பும் போகாது, மனச்சான்றும் போகாது.

பெயரோடு நிற்கவில்லை; 1956-இலே சட்டமும் ஆக்கினர். மனித மாண்பைக் குலைக்கும் கட்டளைக்குப் படைவீரன் கீழ்ப்படிய வேண்டியதில்லை. குற்றமாகும் கட்டளைக்குக் கீழ்ப்படியவே கூடாது என்றது சட்டம். அரசியல் நிகழ்ச்சிகளுக்குப் படைவீரன் சீருடையுடன் செல்லக் கூடாது என்றும் அதே சட்டம் விதித்தது. செல்லலாம், கேட்கலாம், வாக்களிக்கலாம், உடையை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்! கட்சிகள் தம் கொள்கையின் அடையாளமாகச் சீருடை அணிவதும் அங்கே தடுக்கப்பட்டது. பிரிட்டனும் 1936-ஆம் ஆண்டே இத்தகைய சட்டம் செய்து, மோஸ்லியின் கருஞ்சட்டைப் படையைத் தெருவிலிருந்து அகற்றிற்று.

இந்த எல்லைக்கோடு நமக்கும் தேவையா என்று கேட்போர், 2019-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலையொட்டி, படைவீரர்களின் படங்களை விளம்பரத்திலே பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்கு இந்தியத் தேர்தல் ஆணையம் மார்ச்சுத் திங்களிலே நினைவூட்ட வேண்டி வந்தது. 2013-இலேயே இட்ட ஆணைதான். நினைவூட்டும் தேவை நேர்ந்தது! எல்லையிலே பனியிலே நிற்பவர் ஒருவர். அவர் படத்தைச் சுவரிலே ஒட்டி வாக்குக் கேட்பவர் மற்றொருவர். உடை ஒருவருடையது; ஊதியம் வேறொருவருக்கு! சீருடை புனிதமாக்கப்படும்போது, அந்தப் புனிதத்தை விற்பதற்கு வணிகர் வருவர். அவ்வணிகரைக் கேள்வி கேட்டால், ‘வீரரை இழிவுபடுத்துகிறாயா?’ என்று வாயடைப்பர். கற்பூரம் காட்டிக் கணக்கை மறைக்கும் பழைய கலைதான் இது. கருவறை மட்டும் புதியது.

* * *

ஆகவே, தோழர்களே, நாம் சொல்வது இதுதான். படைவீரர் சீருடையுடன் தெருவுக்கு வரட்டும். ஒளிய வேண்டிய குற்றம் எதையும் அவர் செய்யவில்லை. அவர் நம்மவர், உழவர் வீட்டுப் பிள்ளை, நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஆனால், பாசறையிலே அவருக்குள்ள அதிகாரத்தைப் பாசறை வாயிலிலே வைத்துவிட்டு வரட்டும். கடையிலே வரிசை என்றால் அவரும் வரிசையிலே நிற்கட்டும். தெருவிலே சட்டம் என்றால் அவருக்கும் அதே சட்டம் பொருந்தட்டும். குற்றம் செய்தால் உடை அவரைக் காக்க வேண்டாம். குற்றம் செய்யாதபோது உடை அவருக்குப் பகையாகவும் வேண்டாம். அரசியல் மேடையிலே மட்டும், அது எந்தக் கட்சியின் மேடையாயினும், அந்த உடுப்பு ஏற வேண்டாம். நாட்டுக்கே உரிய உடையை ஒரு கட்சி உடுத்திக்கொள்ளக் கூடாது.

பொறுப்பு அணிபவருக்கு மட்டும் உரியதா? பாதிப் பொறுப்பு பார்ப்பவருக்கு உரியது. ஏமாற்றுக்காரர் கேப்டன் ஆனது அணிந்ததனால் மட்டும் அன்று, கண்டவர்கள் அடங்கியதனாலும்தான். அடங்காத கண்கள் இருக்கும் ஊரிலே எந்த உடையும் அதிகாரம் ஆகாது. எனவே, நம் கண்களைப் பழக்குவோம். சீருடையிலே ஒருவர் வந்தால், மருளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். முகத்தைப் பார்ப்போம். இடம் இருந்தால் உட்காரச் சொல்வோம். முதியவர் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு இடம் தருமாறு இவரையும் கேட்போம். ‘எந்த ஊர்? வீட்டிலே எல்லாரும் நலமா? விடுமுறை எத்தனை நாள்?’ என்று பேசுவோம். அவரை அனுப்பும் அரசிடமோ, ‘எங்கே அனுப்புகிறாய்? ஏன் அனுப்புகிறாய்? எப்போது திருப்பித் தருவாய்?’ என்று ஓயாமல் கேட்போம். முன்னது அன்பு, பின்னது கடமை. அன்பு மட்டும் போதும் என்று கடமையை மறந்தால், அந்த அன்பு அவரைப் போர்க்களத்துக்கு வழியனுப்பும் ஆரவாரமாக முடியும்.

வணக்கம் எளிது, செலவில்லாதது. கையை உயர்த்திவிட்டுக் கடந்து போய்விடலாம். கேள்வி கடினம், கேட்பவனுக்குப் பகை தேடித் தருவது. எனினும், படைவீரரின் உயிருக்கு வணக்கத்தைவிடக் கேள்வியே பெரிய காவல். அந்தக் காவலைச் செய்வது சீருடை இல்லாத நம் வேலை.